கண்ணுக்கு யாரிடம் போவது? கண் நலத் துறையினர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணில் கோளாறு என்றால் "கண் டாக்டரிடம் காட்டு" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் ஒரு கண் மருத்துவமனைக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நான்கைந்து பேர் நம் கண்ணைப் பார்த்துவிடுகிறார்கள்; அவர்களில் ஒருவரோ இருவரோதான் மருத்துவர். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணைச் சோதிப்பவரையும் அதே பெயரால்தான் அழைக்கிறோம். யார் எதைச் செய்யத் தகுதி பெற்றவர், எந்தத் தொல்லைக்கு யாரிடம் முதலில் போக வேண்டும் என்று தமிழ்நாட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன.

மருத்துவமனையில் என் கண்ணைப் பலர் சோதித்தார்கள். அவர்களில் யார் மருத்துவர்?

பெரிய கண் மருத்துவமனைகளில் நோயாளி கடந்து செல்லும் வரிசை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். அடுத்து, தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு கருவிக்குள் தெரியும் படத்தைப் பார்க்கச் செய்து பவரைத் தோராயமாகக் கணக்கிடுவார்கள். பிறகு சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு எதில் தெளிவாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். கண் அழுத்தம் பார்ப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடந்துவிடும். இவற்றையெல்லாம் செய்பவர்கள் பெரும்பாலும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் எனப்படும் பார்வை அளப்பவர்களும் கண் மருத்துவ உதவியாளர்களும்தான். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்த பிறகு, இருட்டறையில் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன் அமர்த்தி, விழித்திரை வரை பார்த்து, இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று முடிவு சொல்பவர் மருத்துவர்.

மருத்துவர் ஐந்து நிமிடம்தானே பார்த்தார் என்று சிலர் குறைபடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன் சேர்க்கப்பட்ட அளவுகள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளித்து இத்தகைய வேலைகளை ஒப்படைத்தது. மருத்துவரின் நேரம் நோயறிதலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் மிஞ்சியதால்தான் அத்தனை பெரிய எண்ணிக்கையில் கண்புரை அறுவைகளைச் செய்ய முடிந்தது. ஆகவே மருத்துவர் அல்லாதவர் கண்ணைத் தொடுவதே குறை என்று நினைக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் பார்த்தாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கண் மருத்துவர் என்ன படித்திருப்பார்?

உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்து முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டமோ, இரண்டாண்டு டி.ஓ. பட்டயமோ பெற்றவரே கண் மருத்துவர். மருந்து எழுதுவது, லேசர் சிகிச்சை அளிப்பது, கண்ணுக்குள் ஊசி போடுவது, அறுவை செய்வது ஆகியவை இவருக்கு மட்டுமே உரியவை. இவர் எழுதித் தரும் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும்; ஐயம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான், பெயருக்கு முன்னால் உள்ள "டாக்டர்" என்ற சொல்லை அல்ல.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் யார்? அவரும் மருத்துவரா?

மருத்துவர் அல்லர்; ஆனால் பார்வையை அளப்பதில் தனிப் பயிற்சி பெற்றவர். இன்று பி.ஆப்டம் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. சென்னையில் சங்கர நேத்ராலயா சார்ந்த எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985இல் தொடங்கப்பட்டு, இந்தப் படிப்புக்கு நாட்டில் ஒரு தரத்தை ஏற்படுத்தியது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை, நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து ஆகியவற்றுக்குக் கண்ணாடி எழுதுவது, காண்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, இரு கண்களும் இணைந்து வேலை செய்கின்றனவா என்று சோதிப்பது, நோயின் அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை இவருடைய வேலைகள். பவர் பார்ப்பதில் அனுபவமுள்ள ஆப்டோமெட்ரிஸ்டின் பொறுமைக்கு ஈடாகப் பல மருத்துவர்களைச் சொல்ல முடியாது. மருத்துவர்களே தங்கள் கண்ணாடிக்கு அவர்களிடம்தான் போய் உட்காருகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. நான்காண்டுப் பட்டம் பெற்றவரும், இரண்டாண்டுப் பட்டயம் பெற்றவரும், கடையில் வேலை பார்த்தே பழகியவரும் இதே பெயரைப் போட்டுக்கொள்ளும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2021இல் நிறைவேறிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் கண் மருத்துவ உதவியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்து, படிப்பையும் பதிவையும் ஒழுங்குபடுத்த வழிசெய்திருக்கிறது. என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கண்ணாடிக் கடையில் இலவசமாகவே சோதித்துத் தருகிறார்களே, அது போதாதா?

கண்ணாடியின் பவர் என்ன என்பது ஒரு கேள்வி. கண் நலமாக இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. கடையில் நடக்கும் சோதனை முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. கண்ணாடி மாற்றியவுடன் தெளிவாகத் தெரிந்துவிட்டால், கண்ணில் வேறு எதுவும் இல்லை என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். கண் தொடர்பான தவறான எண்ணங்களில் மிக அதிகக் கேடு செய்வது இதுதான்.

கிளாகோமா எனப்படும் கண் அழுத்த நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோருக்கு அதில் வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமடைந்து, பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வையோ கடைசிக் கட்டம் வரை தப்பி நிற்கும். எனவே இந்த நோய் பாதிக்கு மேல் முற்றிய ஒருவர்கூட எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடையின்றிப் படித்துவிட்டு, புதுக் கண்ணாடியுடன் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போக முடியும். இழந்த பார்வையை எந்த அறுவையும் மீட்டுத் தராது. மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். இயல்பான கண் அழுத்தம் 10 முதல் 21 வரை என்று கணக்கிடப்பட்டாலும், அந்த வரம்புக்குள் அழுத்தம் இருப்பவர்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்தாலும் போதாது, பார்வை நரம்பை நேரில் பார்த்தாக வேண்டும்.

நாற்பது வயது கடந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கண் அழுத்த நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், நெடுநாளாக ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் கடைச் சோதனையோடு நிற்கக் கூடாது. முப்பது வயதுள்ள, வேறு தொல்லையற்ற ஒருவர் பழைய கண்ணாடியின் பவரைச் சரிபார்க்கத் தகுதியுள்ள ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கும் கடைக்குப் போவதில் தவறில்லை.

"கம்ப்யூட்டர் டெஸ்ட்" என்ற விளம்பரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கருவி தருவது தொடக்க எண் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு லென்ஸ்களைப் போட்டுக் கேட்டுச் சரிபார்க்காமல், கருவி அச்சிட்ட தாளை அப்படியே கண்ணாடிச் சீட்டாக்கித் தருபவரிடம் கண்ணாடி போட வேண்டாம்.

கண்ணாடி செய்து தருபவருக்கு இதில் என்ன பங்கு?

நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு. ஆப்டீஷியன் எனப்படும் இவர் சோதிப்பவரோ சிகிச்சை தருபவரோ அல்லர். எழுதிய சீட்டைக் கண்ணாடியாக்குபவர். இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, லென்ஸின் மையம் அதற்கு நேராக வரும்படி பொருத்த வேண்டும். சிதறல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இருந்தால் அதன் கோணம் சில பாகைகள் விலகினாலும் தரை சாய்ந்தாற்போலத் தெரியும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸாக வரும் புரோகிரசிவ் லென்ஸில் பொருத்தும் உயரம் தவறினால், படிக்கட்டு இறங்கவும் முடியாது, செய்தித்தாள் படிக்கவும் முடியாது. புதுக் கண்ணாடி ஒரு வாரத்துக்குப் பிறகும் பழகவில்லையென்றால், சோதித்தவரிடம் கண்ணாடியையும் சீட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்த்தால் தவறு சீட்டிலா, லென்ஸிலா என்று உடனே தெரிந்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவரிடம் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பார்வையிழப்பைக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 1976இல் தொடங்கப்பட்டதன் தொடர்ச்சியாக, கண் மருத்துவ உதவியாளர் என்ற பணியிடம் கிராமப்புறச் சுகாதார நிலையங்களுக்கு வந்தது. அவர் பவர் பார்ப்பார், கண்புரை முற்றியிருக்கிறதா என்று சோதிப்பார், பள்ளி மாணவர்களைப் பரிசோதிப்பார், முகாமுக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பார். கண்புரை அறுவையும், அப்போது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சில தனியார் அறக்கட்டளை மருத்துவமனைகள் சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் படமெடுத்து அனுப்ப, நகரத்தில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியிடம் பேசுகிறார். பேருந்துச் செலவுக்கு அஞ்சிக் கண்புரையுடனே காலந்தள்ளும் முதியவர்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி.

விழித்திரை நிபுணர், கருவிழி நிபுணர் என்றெல்லாம் சொல்கிறார்களே, நேராக அவர்களிடமே போகலாமா?

வேண்டியதில்லை. பொதுக் கண் மருத்துவரே பெரும்பாலான நோய்களுக்குப் போதுமானவர். கண்புரை அறுவையும் அவரே செய்வார். அதற்கு மேல் தனிப் பயிற்சி பெற்றவர்கள் விழித்திரை, கருவிழி, கண் அழுத்த நோய், குழந்தைக் கண் மருத்துவம், இமை மற்றும் கண்குழி அறுவை, நரம்பு சார்ந்த கண் நோய்கள் எனப் பிரிந்து வேலை செய்கிறார்கள். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை நோயாளி தானே ஊகிப்பதில் காலம்தான் வீணாகும்: பார்வை மங்குவது கருவிழியாலும் இருக்கலாம், விழித்திரையாலும் இருக்கலாம், மூளைக்குள் இருக்கும் கட்டியாலும் இருக்கலாம். அரசுத் துறையில் இந்தப் பிரிவுகளை ஒரே வளாகத்தில் நாட விரும்புபவர்களுக்குச் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கிய அது, 1805இல் லண்டனில் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று.

கண்புரை அறுவைக்கு முன் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பேச்சை அப்படியே ஏற்கலாமா?

கவுன்சிலர் மருத்துவர் அல்லர். எத்தனை வகை லென்ஸ் இருக்கிறது, என்ன விலை, காப்பீடு எவ்வளவு தரும், எப்போது வர வேண்டும் என்பனவற்றை விளக்குவது அவர் வேலை. விலை கூடிய லென்ஸ்தான் நல்லது என்ற எண்ணம் இந்த அறையில்தான் பிறக்கிறது. தூரத்துக்கு மட்டும் பொருந்தும் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸ் மிக நல்ல பார்வையைத் தருகிறது. படிக்க மட்டும் ஒரு கண்ணாடி தேவைப்படும். மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப் நிறுவனம் அத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ கோளாறு உள்ளவருக்கு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து வரும் பல குவிய லென்ஸ் பொருந்தாமலும் போகலாம். அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். லென்ஸின் விலையைவிட முக்கியமானது, அதன் பவரைக் கணக்கிட அறுவைக்கு முன் எடுக்கும் அளவு. அதை எடுப்பவர் ஆப்டோமெட்ரிஸ்டோ தொழில்நுட்பப் பணியாளரோதான். அந்தச் சோதனையின்போது பேசாமல், அசையாமல் ஒத்துழையுங்கள்.

குழந்தைகளை யாரிடம் காட்ட வேண்டும்?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும். 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமும் அதற்குக் குறைவுமான எடையுள்ள குழந்தையின் விழித்திரையை, பிறந்த 30 நாள்களுக்குள் அதில் பயிற்சியுள்ள கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும். குழந்தையின் கண் வெளிப்பார்வைக்கு அழகாகவே இருக்கும் என்பதால் பெற்றோருக்கு எந்தச் சந்தேகமும் எழாது; சில வாரத் தாமதம் நிரந்தரப் பார்வையிழப்பில் முடியும். புகைப்படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் அன்றே குழந்தைக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று விட்டுவைப்பது நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. ஒரு கண் விலகியிருந்தால் மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஒதுக்கத் தொடங்கி, அது சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி, நல்ல கண்ணை மூடிவைக்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் அறுவை ஆகியவற்றால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். பிறகு குறைந்துகொண்டே போகும். பயிற்சிகளை ஆர்த்தாப்டிஸ்ட் எனப்படும் பணியாளரோ ஆப்டோமெட்ரிஸ்டோ தருவார்.

குழந்தையின் கண் தானே குவியத்தை மாற்றிக்கொள்வதால் சொட்டு மருந்து விடாமல் பார்க்கும் பவர் தவறாகலாம். சிறு குழந்தைகளுக்கு அட்ரோபின் களிம்பை மூன்று நாள் போட்டுவரச் சொல்வது அதனால்தான். குழந்தையின் முதல் கண்ணாடியை மட்டும் ஒருபோதும் கடையில் எழுதி வாங்க வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு மருத்துவரிடம் போய்க்கொண்டுதானே இருக்கிறேன், கண்ணுக்குத் தனியாகப் போக வேண்டுமா?

வேண்டும். இரண்டாம் வகை நோய் கண்டறியப்பட்டவுடன் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். முதல் வகைக்கு, நோய் தொடங்கி ஐந்தாண்டுகள் ஆனதும் ஆண்டுதோறும். சர்க்கரை நோய் மருத்துவமனையிலேயே விழித்திரையைப் படமெடுத்தால், அந்தப் படத்தைக் கண் மருத்துவர் பார்த்துக் கருத்து எழுதியிருக்கிறாரா என்று கேட்டு வாங்குங்கள்.

எப்போது வேறு யாரிடமும் போகாமல் உடனே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால், ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும். அந்தச் சிறு பாக்கெட்டை அழுத்தி விளையாடிக் கண்ணை இழந்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஓடும் நீரில் இமையை விரித்து, குறைந்தது கால்மணி முதல் அரைமணி நேரம் கழுவி, இமைக்கடியில் ஒட்டிய துணுக்கையும் நீக்கிய பிறகே கிளம்ப வேண்டும்.

கண்முன் திடீரென்று மின்னல் கீற்றுகளோ கரும்புள்ளிக் கூட்டமோ தோன்றுவது, திரை விழுந்தாற்போல ஒரு பக்கம் மறைவது, பார்வை சட்டென்று போவது, கடும் வலியும் சிவப்பும் வாந்தியும் சேர்ந்து வருவது ஆகியவையும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

அறுவடைக் காலத்தில் நெல்லோ தூசியோ பட்டுக் கருவிழியில் ஏற்படும் கீறல் சிறியதாகத் தோன்றும். அதில் பூஞ்சைத் தொற்று ஏறினால் புண்ணாகிவிடும். இந்த நிலையில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ பச்சிலைச் சாறோ விடுவதும், மருந்துக் கடையில் "கண் சிவப்பு" என்று சொல்லி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வாங்குவதும் புண்ணை வளர்க்கும். மருந்துக் கடைக்காரர் இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் வருபவர் அல்லர். மெட்ராஸ் ஐ என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளும் சிவப்புகளில் சில, கருவிழிப் புண்ணாகவோ கண்ணின் உள் அழற்சியாகவோ இருந்துவிடுகின்றன. வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அது வெறும் மெட்ராஸ் ஐ என்று நினைக்க வேண்டாம்.

கண் தானம் செய்தால் வீட்டுக்கு வருபவர் மருத்துவரா?

மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இல் செய்த திருத்தப்படி, தகுதி பெற்ற தொழில்நுட்பப் பணியாளரும் கருவிழியை எடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள். கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோய் இருந்தவர், கண்புரை அறுவை செய்தவர் எல்லாரும் தரலாம். முகம் சிதையாது. இதற்குப் பணம் வாங்கவோ தரவோ கூடாது.

இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் யாரிடம் போவது?

மருத்துவர் கைவிரித்த பிறகுதான் வேறு சிலருடைய வேலை தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாததால், பரிந்துரை இல்லாமலே வீடு திரும்பிவிடுகிறார்கள். குறைப்பார்வைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்ட், உருப்பெருக்கிகளையும் தொலைநோக்கி லென்ஸ்களையும் கொடுத்து மிச்சப் பார்வையைப் பயன்படுத்தக் கற்றுத் தருவார். மறுவாழ்வுப் பயிற்சியாளர் வெண்கோலுடன் நடக்கவும், கைப்பேசியின் திரை வாசிப்பானை இயக்கவும் பழக்குவார். கண்ணை அகற்ற நேர்ந்தவருக்கு, மறு கண்ணின் நிறத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் செயற்கைக் கண் செய்து தருபவர் ஆக்யுலரிஸ்ட். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான சான்றை அரசு மருத்துவமனைக் கண் மருத்துவர் தருவார்; 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும்போது அங்கேயும் இதே முறைதானா?

இல்லை. அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட், கல்லூரிப் படிப்புக்குப் பின் நான்காண்டு தொழிற்படிப்பு முடித்து, டாக்டர் என்றே அழைக்கப்படுபவர். குறிப்பிட்ட மருந்துகளை எழுதவும் அவருக்கு உரிமை உண்டு. பிரிட்டனிலும் முதல் சோதனை பெரும்பாலும் கடைத்தெருவில் உள்ள ஆப்டோமெட்ரிஸ்டிடம்தான். மருத்துவமனைக்கு அவர் வழியாகப் போவது இயல்பு. அங்கே எழுதித் தந்ததை இங்கே காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.

சோதனைக்குப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

இப்போது அணியும் கண்ணாடி, பழைய சீட்டுகள், விடும் சொட்டு மருந்துகளின் புட்டிகள், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மருந்துகளின் பட்டியல். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். ஆகவே வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாமல், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் கேட்டு வைத்துக்கொள்வார்.